பல்கலைக்கழக சிண்டிகேட்ல என்ன பேசறாங்கன்னு நமக்குத் தெரியோணுமுங்க

துணைவேந்தர கவர்னர் போடறதா கவர்மெண்ட் போடறதாங்கற சண்டையப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. 2022ல அந்த அதிகாரத்த கவர்மெண்டுக்குக் குடுக்கற மசோதாவ சட்டசபைல போட்டாங்க, 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால அது சட்டமாச்சு, அடுத்த மாசமே ஹைகோர்ட் அதுக்கு இடைக்காலத் தடை குடுத்துச்சு. நடுவுல நம்ம கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துல 2022 அக்டோபர்ல துணைவேந்தர் பதவிக்காலம் முடிஞ்சு, அதுக்கப்பறம் வருஷக்கணக்கா கன்வீனர் கமிட்டி, அதாவது துணைவேந்தர் இல்லாதப்ப நிர்வாகத்தப் பாத்துக்கற குழுதான் வண்டிய ஓட்டுச்சு. இதெல்லாம் பெரிய விஷயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா யாரு வந்து அந்த சேர்ல உக்காந்தாலும் முடிவு எடுக்கற விதம் மாறலையே, அதப்பத்தி ஒருத்தரும் பேசறதில்லையேன்னுதான் எனக்கு ஆத்தாமை.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லீர்றேன். நம்ம பக்கத்து அரசுப் பல்கலைக்கழகங்கள், மருதமலை அடிவாரத்துல 1982ல வந்த பாரதியார் ஆகட்டும், சேலத்துல 1997ல வந்த பெரியார் ஆகட்டும், எல்லாத்துலயும் செனட்டுன்னு ஒரு பெரிய சபை, சிண்டிகேட்னு ஒரு சின்ன சபை. செனட்டுல நெறைய பேரு இருப்பாங்க, பேசுவாங்க, கேள்வி கேப்பாங்க. ஆனா காசு, வேலைக்கு ஆளு எடுக்கறது, கட்டடம், கான்ட்ராக்ட், காலேஜுக்கு அஃபிலியேஷன்ங்கற இணைப்பு அனுமதி, பரீட்சை ஃபீஸ் எல்லாமே கடைசில சிண்டிகேட் டேபிளுக்குத்தான் வந்தாகோணும். துணைவேந்தர் தலைமை, உயர்கல்வித் துறை செயலாளர் மாதிரி அதிகாரிக கொஞ்சம் பேரு பதவி வழி மெம்பர், செனட்டுல இருந்து தேர்ந்தெடுத்த சிலபேரு, வேந்தரான கவர்னர் நியமிச்ச சிலபேரு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரின்னு நாலு ஜில்லா காலேஜ் பசங்களோட தலையெழுத்த ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்றாங்கன்னா அது சும்மா இல்லைங்க.

தமிழ்நாட்டுல ஒரு பல்கலைக்கழகத்தோட சிண்டிகேட் மினிட்ஸ, அதாவது கூட்டத்துல நடந்தத எழுதி வெக்கற பதிவ, ஆர்டிஐன்னு சொல்ற தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு வாங்கிப் படிச்சேன், பேரு வேண்டாம். கட்டுக் கட்டா பேப்பரு, நாள் முழுக்க எவ்வளவோ பேசியிருப்பாங்கன்னு நெனச்சுட்டு பிரிச்சேன். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மேல ரெண்டு பாரா அலுவலகக் குறிப்பு, அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி, பரிசீலித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த பக்கம் அதே வரி. அதுக்கடுத்த பக்கமும் அதே வரி. பரீட்சை ஃபீஸ ஏத்துன ஐட்டத்துக்கும் அதே வரிதான், வாட்டர் டேங்க் ரிப்பேருக்கும் அதே வரிதான். ஏன் ஏத்துறோம், எவ்வளவு பத்தாக்குறை, யாராச்சும் வேண்டாம்னு சொன்னாங்களா, வேற வழி இருந்துச்சா, ஒண்ணுமே இல்ல. அந்த ஃபீஸக் கட்டறது பனியன் கம்பெனில ஷிப்டு பாத்துட்டு ராத்திரி படிக்கற பசங்க, வெள்ளாமையில வந்த காசுல புள்ளைய காலேஜுக்கு அனுப்பற குடும்பம். அவங்களுக்கு ஒரு காரணம் எழுதக்கூட மனசு வரலையா?

இதுல ரெண்டு சமாச்சாரம் தனியா சொல்லோணும். ஒண்ணு டேபிள் அஜெண்டா. முன்கூட்டியே அனுப்பற அஜெண்டால இல்லாம, கூட்டம் நடக்கற அன்னைக்கு டேபிள்ல கொண்டாந்து வெக்கற ஐட்டம். நெசமான அவசரத்துக்குன்னு இருக்கற வழி அது, ஆனா பெரிய பெரிய காசு விவகாரம் அந்த வழில வந்தா படிச்சுப் பாக்க மெம்பருக்கே நேரம் எங்க இருக்கு, கேள்வி கேட்டா மத்தவங்க வாட்சப் பாக்கறாங்க, ட்ரெயினுக்கு நேரமாச்சுங்கறாங்க, சரி போகட்டும்னு தலையாட்டீருவாங்க. இன்னொண்ணு ராட்டிஃபிகேஷன். அவசரம்னா துணைவேந்தரே முடிவெடுத்துட்டு அடுத்த கூட்டத்துல வெச்சு ஒப்புதல் வாங்கிக்கலாம்னு சட்டத்துலயே இடம் இருக்கு. தப்பில்ல, வெள்ளம் வந்து பரீட்சைய தள்ளிவெக்கறதுக்கெல்லாம் கூட்டம் போட்டுட்டு இருக்க முடியாது. ஆனா ஆர்டர் போட்டாச்சு, ஆளு வேலைல சேந்தாச்சு, பில்லும் பாஸ் ஆயாச்சு, அதுக்கப்பறம் வந்து ஒப்புதல் குடுங்கன்னா எந்த மெம்பர் முடியாதுன்னு சொல்லுவாரு? சொன்னாலும் என்ன ஆகப் போகுது?

எங்க ஊரு பால் சொசைட்டி மகாசபைல வரவு செலவ சத்தமா வாசிக்கறாங்க, பின்னாடி உக்காந்திருக்கற பெரியவரு எந்திரிச்சு தீவனத்துக்கு எப்படிடா இத்தன ஆச்சுன்னு கேக்கறாரு, செக்ரட்டரி பதில் சொல்லித்தான் ஆகோணும். கோடிக்கணக்குல புழங்கற பல்கலைக்கழகத்துல அந்த அளவு கூட இல்லைங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

புதுசா சட்டம் கொண்டுவாங்கன்னு நான் கேக்கல. 2005 ஆர்டிஐ சட்டம் பிரிவு 4லயே எல்லாம் இருக்குது. யாரும் மனு போடாமயே, எங்களுக்கு இன்னின்ன போர்டு, கமிட்டி இருக்கு, அதுக கூட்டத்துக்கு பொதுமக்கள் வரலாமா, மினிட்ஸ பாக்கலாமான்னு அவங்களாவே வெளியிடோணும். ஒரு முடிவால பாதிக்கப்படறவங்களுக்கு காரணத்தையும் சொல்லோணும்னு அதே பிரிவு சொல்லுது. ஆனா நடைமுறைல 10 ரூவா கட்டி மனு போட்டு, 30 நாள் காத்திருந்து, பதில் வரலைன்னா மேல்முறையீடு, அதுலயும் வரலைன்னா தகவல் ஆணையம்னு சென்னையப் பாத்துப் போகோணும். எத்தன பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

ரகசியம் காக்க வேண்டிய விஷயங்கள் இருக்குது, ஒத்துக்கறேன். கேள்வித்தாள் அச்சடிக்கற எடம், ஒருத்தர் மேல நடக்கற விசாரணை, இதெல்லாம் ஊருக்குச் சொல்ல முடியாது. அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்தப் போடுங்க. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி அஜெண்டாவ வெப்சைட்ல போடுங்க, தமிழ்ல போடுங்க. ராட்டிஃபிகேஷனுக்கு வர்ற ஐட்டத்துக்கு அவசரம் என்னன்னு ஒரு பாரா எழுதுங்க. யாரு எதுத்தாங்க, என்ன சொல்லி எதுத்தாங்கன்னு மினிட்ஸ்ல பதிவு பண்ணுங்க. அதிகாரிக வசதிக்காக சென்னைல கூட்டம் போடறத விட்டுட்டு கேம்பஸ்லயே போடுங்க, செயலாளர் ஒருநாள் வந்து ஹாஸ்டலையும் லேபையும் பாத்துட்டுப் போகட்டுமே.

எம் பொண்ணு டிகிரி முடிச்சு வெளிய வந்துட்டா, இனி எனக்கு ஆகவேண்டியது அங்க ஒண்ணும் இல்ல. ஆனா வருஷா வருஷம் புதுப் பசங்க போயிட்டேதான இருக்காங்க. இதப் படிக்கறவங்கள்ல காலேஜ் வாத்தியார் யாராச்சும் செனட் மெம்பரா இருந்தா, அடுத்த கூட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதிக் குடுங்க சார், போன ஒரு வருஷத்துல சிண்டிகேட்டுக்கு வந்த ஐட்டத்துல எத்தன டேபிள் அஜெண்டா, எத்தன ராட்டிஃபிகேஷன்னு. வர்ற பதில இங்க கமெண்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா படிச்சு எழுதறேன்.