ஸ்டென்ட் வைத்தால் நோய் தீர்ந்ததா?
"ஸ்டென்ட் வைத்துவிட்டால் இதய நோய் தீர்ந்தது" என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஸ்டென்ட் என்பது அடைபட்ட இதய ரத்தக் குழாயை விரித்துத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல். மாரடைப்பு நேரத்தில் அது உயிரைக் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது திறந்துவிடுவது அடைபட்ட ஓரிடத்தை மட்டும்தான். கொழுப்புப் படிவு மற்றக் குழாய்களிலும் இருக்கும். என் அப்பாவும் இப்படித்தான் நம்பினார். ஒரு வருடம் கழிந்ததும், "நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் தாமாகவே நிறுத்திவிட்டார். பிரிக்காத மாத்திரை அட்டைகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார், மனிதர்! அடுத்த வருடமே வேறொரு குழாயில் அடைப்பு. மாரடைப்பு போன்ற அவசர நிலையில் இல்லாத, நோய் நிலையாக இருந்த இதய நோயாளிகள் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்விலும், மாத்திரைகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் அறுவை சிகிச்சை சேர்த்ததால் நெஞ்சுவலி குறைந்ததே தவிர இறப்பு குறையவில்லை. "குணமாகாது என்றால் மருந்து எதற்கு" என்று அக்கட்டுரையின் கருத்துப் பகுதியில் கேட்டவருக்கு: ரத்த அழுத்தமும் சர்க்கரையும்கூட பெரும்பாலும் முற்றிலும் குணமாவதில்லை, மருந்தால் கட்டுக்குள் வைத்துக்கொண்டே பல்லாண்டு வாழ்கிறார்கள்.