வரையாட்டை இடம் மாற்றுமுன் அதன் பிழுக்கையைப் படியுங்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. நாங்களும் நிறுத்தினோம். சாலையோரப் பாறையில் ஒரு பெட்டை வரையாடு, பின்னாலேயே குட்டி. மழையில் நனைந்த பாறையில் அது முன்னங்காலை வைத்துப் பார்த்து, எடுத்து, வேறு இடத்தில் வைத்து ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒருவர், “இப்பதான் இதுங்க நிறைய ஆயிருச்சே” என்றார்.

கூடியிருப்பது உண்மைதான். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. கேரளாவையும் சேர்த்தால் 2,668. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. ஆனால் இவை ஒரே கூட்டமாக இல்லை, மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன, நடுவில் தேயிலை, சீகை மரக்காடு, சாலை, அணை. இருபது ஆடுகள் ஒரே குன்றில் மாட்டிக்கொண்டால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயேதான் இணைசேர வேண்டும். அதனால் வரும் கேடு தலை எண்ணும்போது தெரியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்னும் பெரும்பூனைகளுக்கு இப்படித்தான் வால் வளைந்தது, இதயத்தில் ஓட்டை விழுந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த இனம் தேறியது.

2023இல் 25.14 கோடி ரூபாயில் தொடங்கிய நமது வரையாடு திட்டத்திலும், முன்பு இவை வாழ்ந்த மலைகளில் திரும்பக் கொண்டுபோய் விடும் யோசனை இருக்கிறது. முழு மனதோடு வரவேற்கிறேன். சரி, எந்த மந்தையிலிருந்து எடுத்து எந்த மலையில் விடப்போகிறோம்? பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. கணவாயின் இருபுறத்து யானைகளும் மரபணுவில் வேறுபட்டவை. சோலைக்காட்டுக் குறுஞ்சிறகுப் பறவைகளோ இருபுறமும் தனித்தனி இனங்களாகவே பிரிந்துவிட்டன. ஆடும் ஆடும் ஒன்றுதானே என்று நீலகிரியின் முக்குருத்தி ஆட்டைத் தெற்கே கொண்டுபோய் விட்டுவிட முடியாது. அதற்காகப் பயந்துகொண்டு, ஒரு குன்றில் மிஞ்சிய பத்து ஆடுகளை அப்படியே அழியவிடவும் கூடாது. இரண்டில் எது சரி என்பதை மரபணுவைப் பார்க்காமல் முடிவுசெய்வது குருட்டாம்போக்குதான்.

கண்ணை நம்பி எத்தனை காலம் தவறாக நினைத்திருந்தோம் என்பதற்கு இந்த ஆடே சாட்சி. இமயமலையில் வாழும் ‘தார்’ என்ற காட்டாட்டின் தம்பி என்றுதான் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2005இல் டிஎன்ஏவைப் பார்த்தால் செம்மறிக்குத்தான் நெருக்கம்! தனிப் பேரினமே கொடுக்க வேண்டியதாயிற்று.

டிஎன்ஏ எடுக்க ஆட்டை மயக்க ஊசி போட்டுப் பிடிக்கவெல்லாம் வேண்டாம். புதிதாக விழுந்த பிழுக்கை கறுத்துப் பளபளவென்று இருக்கும், அந்தப் பளபளப்பில் குடலிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆணா பெண்ணா, எந்த மந்தைக்கு எது உறவு என்பது வரை தெரிந்துவிடும். அப்புறம், இயற்கையாக இறந்த ஒரு ஆட்டின் நல்ல திசுவிலிருந்து முழு மரபணுத் தொகுதியையும் ஒருமுறை படித்து வைத்துவிட்டால், பிழுக்கையில் துண்டு துண்டாகக் கிடைப்பதை அதோடு ஒப்பிடலாம்.

கணக்கெடுப்புக்கு வனப் பணியாளர்கள் எப்படியும் அந்தச் சரிவுகளில் ஏறத்தான் போகிறார்கள். அடுத்த முறை அவர்கள் பையில் நாலு குப்பிகளும் போகட்டும். ஆடுகளை ஏற்றிச்செல்லும் கூண்டு அதன் பிறகு வரட்டும்.