கொழுப்பாம்ல, அந்தப் பையனுக்கு

நேத்து நம்ம சினிமா குரூப்ல 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'ங்கற ஜப்பான் அனிமேஷன் படம் போட்டாங்க. போர்ல அம்மாவ இழந்த அண்ணனும் தங்கச்சியும் சொந்தக்காரம்மா வீட்டுப் பேச்சு தாங்காம வெளிய போக, தங்கச்சி பட்டினில சாகுற கதை. ஸ்கிரீனிங் முடிஞ்சு என்ன நடந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும். பேர் சொல்லல. "பையனுக்குக் கொழுப்பு சார், அந்த வீட்லயே நாலு பேச்சு வாங்கிட்டுக் கெடந்திருந்தா தங்கச்சி பொழச்சிருக்கும்"னு ஒருத்தர் சொல்ல, பாதி ஹால் தலையாட்டுது.

அந்தப் படத்தப் பாத்துட்டு இதான் தோணுச்சா?

அந்த அண்ணன் செய்டாவுக்கு வயசு 14ங்க. 1945ல கோபே எரியுது, ஒடம்பு முழுக்கக் கட்டுப் போட்ட அம்மாவப் பாத்துட்டு வந்து, அழுற 4 வயசு தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லத் தெரியாம கம்பியில தொங்கிச் சுத்திக்கிட்டே இருக்கான். அம்மா கிமோனோவக் குடுத்து வாங்குன அரிசில அந்தச் சொந்தக்காரம்மா வீட்டு ஆளுங்களுக்குச் சோறு, இதுங்க ரெண்டுக்கும் கஞ்சித் தண்ணி. கொழுப்பாம்.

"பேங்க்ல 7000 யென் இருந்துச்சே?" இருந்துச்சு, சரி, விடுங்க. சத்தா சாப்பிடக் குடுன்னு டாக்டர் சொல்றப்ப, சாப்பாடு எங்க இருக்குன்னு அவன் கத்துறானே, அப்ப எல்லாரும் போன் பாத்துட்டு இருந்தீங்களா?

"இது போர் எதிர்ப்புப் படம் இல்லன்னு டைரக்டர் தகாஹதாவே சொல்லிருக்காரு"ன்னு வருவீங்க, தெரியும். 9 வயசுல ஒகயாமா குண்டுவீச்சுல தப்பிச்ச மனுஷன், சொல்லலாம். மூலக்கதை எழுத்தாளர் நொசாகா தன்னோட வளர்ப்புத் தங்கச்சியப் பட்டினில பறிகொடுத்துட்டு 1967ல எழுதுன கதை, தன்னத்தானே குத்தம் சொல்லிக்கிட்டாரு, அவருக்கு உரிமை இருக்கு. ஏசில பாப்கார்ன் கொறிச்ச நமக்கு?

எங்க அப்பத்தா 1942ல ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவங்க. அங்க குண்டு போட்டது ஜப்பான்காரன்தான், அதனால ஜப்பான்காரங்க மேல எனக்குத் தனிப் பாசம்லாம் கெடையாது. வழியில வாந்திபேதில தம்பி போயிட்டான், காட்டுலயே விட்டுட்டு வந்தாங்க. ஒரு கல்யாணப் பந்தியில ஒரு மாமா சிரிச்சுகிட்டே, "கப்பல்ல வந்திருக்கலாம்ல அத்த?"ன்னாரு. கூலிக்காரக் குடும்பத்துக்கு அப்ப யாரு டிக்கெட் நீட்டுனா? அப்பத்தா ஒண்ணும் பேசல, எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க, பாயசம்கூட இன்னும் வரல. நேத்து தலையாட்டுன எல்லா மூஞ்சியும் எனக்கு அந்த மாமா மூஞ்சியாத்தான் தெரிஞ்சுச்சு.

குண்டு போட்டவனக் கேக்க மாட்டோம், போருக்குப் போனவனக் கேக்க மாட்டோம், செத்த புள்ளையோட அண்ணன்கிட்ட மட்டும் "நீ ஏம்ப்பா அட்ஜஸ்ட் பண்ணல?" நல்லாருக்கு சார்.

"ரொம்ப சோகம், ஒரு பாசிட்டிவ் வேணாமா?"ன்னு கேட்ட தோழிக்கு: 1988ல ஜப்பான்ல இதையும் 'டோட்டோரோ'ங்கற குழந்தைங்க படத்தையும் சேத்துதான் ரிலீஸ் பண்ணாங்க. அதப் பாருங்க, நல்லாருக்கும்.

குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். அடுத்த மாசத்துக்குக் கட்டுன பணத்த யாரும் திருப்பித் தர வேணாம், பாப்கார்ன் வாங்கிக்கோங்க.