போபால் வழக்கு: இந்தியாவிலேயே நடக்கட்டும் என்றவர்கள் எங்கே போனார்கள்?

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆலைக்கு எதிரே குடியிருந்தவர்கள் இருமிக்கொண்டே எழுந்தார்கள். யாரோ மிளகாய் வற்றலைத் தீயில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் அதில் எத்தனையோ பேர். அந்த இரவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்த வழக்கு.

ஆலையை நடத்திய யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனியில் 50.9 சதவீதம் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்கு. அன்று கசிந்த மெத்தில் ஐசோசயனேட் 39 டிகிரியிலேயே கொதிக்கும், குளிராகத்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிரூட்டும் இயந்திரத்தை விபத்துக்குப் பல மாதங்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள். 1982 மே மாதமே அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்து, பாதுகாப்புக் குறைகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்புறம் எப்படி அந்தத் தாய் நிறுவனத்தால், அது துணை நிறுவனத்தின் பொறுப்பு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடிகிறது?

நம் அரசு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. ஆலையும் சாட்சிகளும் இந்தியாவில்தான், வழக்கும் அங்கேயே நடக்கட்டும் என்றது அமெரிக்கக் கம்பெனி. 1986 மே மாதம் நீதிபதி கீனன் அதை ஏற்றுக்கொண்டார். இந்திய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். இங்கே வந்த வழக்கு 1989இல் 47 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நம் அரசு கேட்டிருந்தது 330 கோடி டாலர். நுரையீரல் கெட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் கையில் முதலில் வந்தது 25,000 ரூபாய்.

குற்ற வழக்குக்கு அந்த அமெரிக்கக் கம்பெனி வரவே இல்லை. 1992இல் போபால் நீதிமன்றம் அதைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. தலைவர் வாரன் ஆண்டர்சன், கைதான அன்றே ஜாமீனில் வெளியே வந்து நாட்டை விட்டுப் போனவர், திரும்பாமலே 2014இல் இறந்துபோனார். 2010இல் தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் இந்திய அதிகாரிகள், ஆளுக்கு இரண்டு ஆண்டு. 2001இல் யூனியன் கார்பைடை வாங்கிய டோ நிறுவனத்தின் வக்கீல்கள் 2023இல் போபால் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். எங்களை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்ல!

2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தங்கள் ஊர்ச் செப்புச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோம் என்ற ஜாம்பியா கிராமத்து மக்கள், அந்தச் சுரங்கத்தின் தாய் நிறுவனமான வேதாந்தாவின் மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்றது. அந்த உரிமை எல்லா நாட்டிலும் சட்டமாக வர வேண்டும். லாபம் எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊர் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் போய் நிற்க முடிய வேண்டும்.

ஆலைக்குள் கிடந்த 337 டன் விஷக் கழிவை 2025 ஜனவரியில்தான் லாரிகளில் ஏற்றி, எரிப்பதற்காக மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒதுக்கிய 126 கோடி ரூபாயும் நம் அரசின் பணம்.