நாயனம் படிக்கிற பிள்ளைக்கு வீதி வேண்டும்

என் தங்கை மகள் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம் படிக்கிறாள். இப்போது இரண்டாம் வருடம். காரைக்குடியில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவளைப் பற்றி இரண்டு கேள்வி வரும். "பொம்பளப் பிள்ளைக்கு நாயனமா?" என்பது ஒன்று. "படிச்சு முடிச்சாச் சோறு போடுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் எப்போதோ வாசித்தே பதில் சொல்லிவிட்டார். காலீஷாபி மகபூப் தன் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து வாசித்து, 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது இருவருக்கும் கிடைத்தது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகள் நம் பக்கத்தில் சிவகங்கையிலும் இருக்கின்றன, புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. 3 வருடப் படிப்பு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று பிரிவுகள். 12 வயதிலிருந்து 25 வயதுவரை சேரலாம். மற்றப் பிரிவுகளுக்கு ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். படித்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களில் நாதசுரம், தவில் பணியிடத்துக்கு ஆள் எடுக்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஆக, பொழுதுபோக்குக்குப் படிக்கிற படிப்பு இல்லை இது. தொழில் படிப்பு. ஐடிஐயில் பிட்டர் படிக்கிற பையனை எப்படிப் பார்க்கிறோமோ அதே மரியாதையோடு பார்க்க வேண்டிய படிப்பு.

இந்தப் பள்ளிகள் செய்த பெரிய காரியம் என்னவென்றால், நாயனத்தைப் பரம்பரைக்கு வெளியே இருக்கிற பிள்ளைகள் கையிலும் கொடுத்தது. அவள் அப்பா, என் மச்சான், தேவகோட்டையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. அந்தப் பிள்ளை இன்று ஆதி தாள வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்கிறது. சாதி கேட்காமல், அப்பா பெயர் கேட்காமல், ஒரு அரசுப் பள்ளி இதைச் சொல்லிக் கொடுக்கிறது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. அவளுடைய வாத்தியார் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாடவைத்துவிட்டுத்தான் வாசிக்க விடுகிறார். அந்தப் பாடம் அவளை விட்டுப் போகாது.

என் கவலை பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது.

மேளக்காரர் வீட்டுப் பையன் எப்படிப் படிக்கிறான் என்று பாருங்கள். சின்ன வயதிலேயே அப்பாவோடு கச்சேரிக்குப் போய்த் தாளம் போடுகிறான். அப்புறம் சுருதிக்காக ஒத்து ஊதுகிறான். இப்போது ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வந்துவிட்டதால் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே நிற்கிறான். பிறகு பெரியப்பா பக்கத்தில் நின்று இரண்டாவது நாயனம். இப்படியே பல வருடம். யாரும் அவனுக்குத் தனியாக "இதுதான் கச்சேரி" என்று பாடம் நடத்துவதில்லை. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை எந்த இடத்தில் முடித்துக்கொண்டு ராகத்துக்குப் போவது, தவில்காரர் தீர்மானம் வைத்து முடிக்கப் போகிறார் என்பதை அவர் தோளை வைத்தே எப்படித் தெரிந்துகொள்வது, பெரியவர் ஆலாபனையை விட்ட இடத்தில் எப்படி எடுப்பது, இதெல்லாம் நின்று நின்றே அவனுக்கு வந்துவிடும். இஸ்திரிக் கடைக்காரர் மகளுக்கு அந்தப் பெரியப்பா இல்லை. அவளுக்கு வகுப்பறை இருக்கிறது. வகுப்பு முடிந்தால் தேவகோட்டை பஸ் இருக்கிறது.

நாதசுரம் திறந்தவெளி வாத்தியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வகுப்பில் பாய் விரித்து உட்கார்ந்து வாசிப்பதும், நான்கு வீதியில் சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிப்பதும் வேறு வேறு உழைப்பு. இதில் சாவி கிடையாது, பொத்தான் கிடையாது. ஸ்வரத்தை அசைக்கிற கமகம் முழுக்க விரலும் உதடும் மூச்சும்தான். நடக்கிறபோது அந்த மூச்சு உடைகிறது. காற்று அடித்தால், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி காய்கிறது. வெகுநேரம் வாசித்தால் ஊறிப்போகிறது. கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சின்னச் சீவாளி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மாற்றுச் சீவாளிகளில் எதை எந்த நேரத்தில் மாற்றுவது என்பதைப் புறப்பாட்டில் நின்றவர்தான் சொல்ல முடியும். காதுக்குப் பக்கத்தில் இரண்டு தவில் முழங்கும்போது சுருதி கேட்க வேண்டும். அப்போதும் நிஷாதம் இறங்காமல் நிற்க வேண்டும். வகுப்பில் நாதசுரத்துக்குத் தனி மணி, தவிலுக்குத் தனி மணி. வீதியில் இரண்டும் ஒரே மூச்சு.

நேரமும் இடமும் தெரிய வேண்டும். விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. அதிலும் சாமிக்குத் தளிகை (நைவேத்தியம்) வரும்போது வாசிப்பது வேறு, தீர்த்தத்துக்கு வேறு, தேருக்கு வேறு. கல்யாணத்தில் தாலி கட்டுகிற திருப்பூட்டு நேரத்தில் ஐயர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்த நொடியில் கெட்டிமேளத்துக்கு மாற வேண்டும். பாடத்திட்டத்தில் மல்லாரியை எழுதி வைக்கலாம், சாமியைக் கொண்டுவந்து வைக்க முடியாது. அதை ஊர்தான் தர முடியும்.

நம் ஊரில் அதற்கா பஞ்சம்? இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தார் கோயில்களே ஒன்பது. அது போக ஊருக்கு ஊர் நகரச் சிவன் கோயில். குன்றக்குடியில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும். காரைக்குடியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா. முகூர்த்த மாதம் வந்தால் வளவுக்கு வளவு, வீட்டுக்கு வீடு கல்யாணம், அறுபதாம் கல்யாணம், சாந்தி. ஒரு நாயன மாணவிக்கு இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறது? இவ்வளவும் இருக்கிற ஊரில் அவள் வகுப்புக்கு வெளியே நின்று வாசித்த இடங்கள் பள்ளி ஆண்டு விழாவும் இரண்டொரு அரசு விழாவும்தான்.

கோயில்களில் தீபாராதனைக்கு மணியும் முரசும் சேர்ந்து தானாக அடிக்கிற மின்சார மேளம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் எல்லாக் காலத்துக்கும் ஒரே சத்தம். காலைக்கும் அதுதான், அர்த்தசாமத்துக்கும் அதுதான். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாத சின்னக் கோயில்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வருமானம் உள்ள கோயிலிலும் அந்தப் பெட்டி இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணத்திலும் பாருங்கள். செண்டை மேளத்துக்கும் டிஜேக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை அழைப்பில் நாயனக்காரர் இரண்டு சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். செண்டை நல்ல கலை, அதை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டு முகப்பிலும் பட்டாலைக் கூடத்திலும் ஒரு தோடி ஆலாபனை எப்படிச் சுற்றி வரும் என்று கேட்டவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பக்கத்து வளவு ஆச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்க கல்யாணத்துல ராத்திரி ஊரே உக்காந்து மேளம் கேட்டுச்சு தம்பி. இப்ப போட்டோ எடுக்குறதுக்கு மட்டும் மேளம் வைக்கிறாக."

இசைக்குச் செலவழித்த மண் இது. கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அவர் முயற்சியில் வந்தது. காரைக்குடி வீணைச் சகோதரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்து வாசிப்பார். தம்பி பல வருடம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தே வாசித்தவர். பின்னால் 1952இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தவரின் கதை அது. அந்த இடத்தைத்தான் நான் இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கிறேன்.

கேட்டால் மூத்த கலைஞர்கள் சிலர் சொல்கிற தடை நியாயமானது. "பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டா, அதைச் சாக்கா வச்சுப் பார்ட்டிக்காரங்க எங்க ரேட்டைக் குறைப்பாங்க" என்கிறார்கள். குறைக்கத்தான் பார்ப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். போன தையில் ஒரு வீட்டில் என் தங்கை மகளைக் கூப்பிட்டார்கள். தொகை பேசும்போது, "படிக்கிற பிள்ளைதானே, அனுபவம் கிடைக்கும், சாப்பாடு போட்டுடறோம்" என்றார்கள். நான் அனுப்பவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. பந்தி பரிமாற வருகிறவருக்குக் கூலி உண்டு, பூக்காரருக்கு உண்டு, நாயனம் வாசிக்கிற பிள்ளைக்கு மட்டும் அனுபவம்தான் கூலி என்றால், நாளைக்கு அவள் தொழிலுக்கு வரும்போது என்ன பேரம் பேச முடியும்? மாணவரை மேளத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது. மேளத்தோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் சில உண்டு. புறப்பாடு முடிய நள்ளிரவாகும். உடை மாற்ற ஓர் அறை, கூட வருகிற அம்மாவுக்கும் சாப்பாடு, திரும்பிப் போக வண்டி. இவை இல்லாததால் அனுப்ப முடியாமல் போன வீடுகள் எனக்குத் தெரியும். விழா எடுக்கிறவர்கள் நினைத்தால் ஒரு நாளில் செய்துவிடக் கூடிய ஏற்பாடு.

பள்ளியின் பக்கமும் ஒன்று கேட்பேன். மூன்றாம் வருடத்தில் கோயில் புறப்பாட்டில் மூத்த கலைஞரோடு நின்று வாசிப்பதையும் தேர்வின் ஒரு பகுதியாக வைக்கலாம். தவில் மாணவரும் நாதசுர மாணவரும் ஒரே மேளக் குழுவாக, ஒரு செட்டாகவே படித்து வெளியே வரலாம். செட்டாக வருகிற நான்கு பேருக்குத் தொழில் தொடங்குவது, தனியாக வருகிற ஒருவருக்குத் தொடங்குவதைவிட எவ்வளவோ சுலபம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மேளம் பேசப் போகிற காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். செட்டுக்காரரிடம், "அண்ணே, இசைப்பள்ளியில படிக்கிற பிள்ளை ஒண்ணைக் கூடச் சேர்த்துக்கங்க, அதுக்கு நாங்க தனியாத் தர்றோம்" என்று சொல்லுங்கள். உங்கள் செட்டின் தொகையில் கை வைக்காமல், அந்தப் பிள்ளையின் பணத்தை வெற்றிலை பாக்கோடு அதன் கையிலேயே கொடுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் அரை மணி நேரம் சினிமாப் பாட்டு கேட்காமல், மேளக்காரர் விருப்பத்துக்கு விடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் பள்ளியில் கேளுங்கள், இல்லையென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். நான்கைந்து பிள்ளைகளையாவது என்னால் கை காட்ட முடியும்.