வெறும் ஆசை என்று சொல்லிவிட முடியாது

வளைகுடாவில் இருக்கும் மலையாளிப் பெண்களுக்கு நகைப் பைத்தியம் என்று, அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். துபாய் தேரா தங்கச் சந்தையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். பச்சைக் கல் பதித்த கேரளப் பாலக்கா மாலையைக் கழுத்தில் வைத்து அழகு பார்க்கும் நர்ஸ், அடுத்த நொடியே செய்கூலியைக் குறைக்கச் சொல்லி மலையாளத்தில் மல்லுக்கு நிற்பார். (விற்பவரும் பெரும்பாலும் மலையாளிதான்!) ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பெண் 40 கிராம் நகை, அதாவது 5 பவுன், சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம், ஆணுக்கு 20 கிராம்தான். அப்புறம், ஊரில் வீடு கட்டும் வேலை பாதியில் நின்றால் அந்த நகைதான் அடகுக்குப் போகிறது. முத்தூட், மணப்புரம் மாதிரி நகைக்கடன் நிறுவனங்கள் கேரளத்தில் முளைத்தது சும்மாவா? கல்யாணத்தில் பெண்ணைத் தங்கத்தால் மூடி நிறுத்துவதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. நாத்தனார் கல்யாணத்துக்கும் பல வீடுகளில் வளைகுடாவில் வேலை பார்க்கும் மருமகளின் சம்பளத்தில்தான் பவுன் வாங்குகிறார்கள், அதையும் எழுதுங்கள்.