ஸுஜூதும் மூளையும்

தொழுகை மூளையை மாற்றி ஈமானை (இறைநம்பிக்கையை) உறுதியாக்குகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி ஓரளவு சரி. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழுகையின்போது மூளை அலைகளைப் பதிவு செய்ததில், ஸுஜூதில், அதாவது நெற்றி தரையில் படப் பணியும் நிலையில், ஆல்ஃபா அலைகள் கூடின. அது மனம் இறுக்கம் தளர்ந்து அமைதியாவதன் அடையாளம். ஆனால் அது அந்த நேரத்து நிலைதானே? நிரந்தர மாற்றம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கென்னவோ விஷயம் திரும்பச் செய்வதில்தான் இருக்கிறது. ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மட்டுமே நாளுக்கு 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). அதில் 34 ஸுஜூது. குறித்த நேரத்தில் ஒரே அசைவுகள், ஒவ்வொரு ரக்அத்திலும் அதே ஃபாத்திஹா சூரா (குர்ஆனின் முதல் அத்தியாயம்). பழக்கம் வேரூன்ற இதைவிட என்ன வேண்டும்? அப்புறம், கவனமில்லாமல் அவசர அவசரமாகத் தொழுதாலும் பழக்கம் படிந்துவிடும், ஈமான் வளருமா? அதை எந்த ஸ்கேனும் காட்டாது.